கடைசி சீட்டில் இருந்தவன்

கெலிஓயாவிலிருந்து கண்டி நகரத்துப் பாடசாலைகளுக்குப் பிள்ளைகளை ஏற்றிச்செல்லும் வேன்கள் பல உண்டு. அவற்றில் பாயிஸின் வேன் பார்க்க ஒன்றும் பெரிதாக இருக்காது. பக்கக் கதவு ஒரே தள்ளில் மூடாது. வெயில் பட்டு முன் சீட்டின் உறை வெளிறிப்போயிருக்கும். ஆனாலும் அதில் இடம் கிடைப்பது லேசில்லை. பாயிஸ் நானா பிள்ளைகளை ஏசமாட்டார், பாட்டை அலறவிடமாட்டார், பஸ்களோடு போட்டிக்கு ஓடமாட்டார் என்று, அவரை அண்ணன் முறையில் 'நானா' என்றழைக்கும் தாய்மார் தமக்குள் பேசி வைத்திருந்தார்கள். முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள், சிங்கள வீட்டுப் பிள்ளைகள், தமிழ் வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் அதில் வந்தார்கள். எல்லாருக்கும் அவர் 'வேன் அங்கிள்'.

அவர் இந்தத் தொழிலுக்கு வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. கலியாணம் முடித்த கையோடு ரியாத்துக்குப் போய் ஒரு பணக்கார வீட்டில் டிரைவராக இருந்தார். அந்த வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடுவதும் கூட்டிவருவதும்தான் வேலை. அந்தப் பிள்ளைகளில் யாருக்கு என்ன பிடிக்கும், யாருக்கு எதில் பயம் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. தன்னுடைய மகள் றிப்தா நடக்கப் பழகியதையோ போனில்தான் பார்த்தார். ஊர் திரும்பியபோது அவள் அவரைக் கண்டு உம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டாள். அந்த வெட்கம் தெளிய நெடுநாள் ஆயிற்று. இனி வெளிநாடு வேண்டாம், பிள்ளைகளை ஏற்றுவதென்றால் இங்கேயே ஏற்றலாம் என்று வேனை வாங்கினார்.

பெனிதெனியவில் ஒரு வாடகை வீட்டிலிருந்து ஏறுபவன் சுதேஷ். அவனுடைய அப்பா வீரய்யா மாநகர சபையில் கிளார்க். மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்து, படித்து, அரசாங்க உத்தியோகம் பார்த்த முதல் ஆள் தன் குடும்பத்தில் தான்தான் என்பதை வீரய்யா பேச்சுக்குப் பேச்சு சொல்லாமல் விடமாட்டார். சுதேஷ் புலமைப்பரிசில் பரீட்சையில் தேறி நகரத்துப் பெரிய பாடசாலை ஒன்றின் தமிழ்ப் பிரிவுக்கு எடுபட்ட நாளில், அவர் லட்டுப் பெட்டியோடு சந்தியில் வேனை மறித்து, உள்ளே இருந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் தன் கையாலேயே கொடுத்தார்.

அன்றிலிருந்து முன் சீட்டு சுதேஷுக்கு. கிரிக்கெட் என்றால் உயிர். யார் யாருக்குப் பந்து போட்டார், எப்படி ஆட்டமிழந்தார் என்று கண்டி வரும்வரை ஓயாமல் சொல்வான். பாயிஸுக்குக் கிரிக்கெட் அவ்வளவாக விளங்காது. ஆனாலும் கேட்டுக்கொண்டிருப்பார். கெட்டம்பே நெரிசலில் வேன் நிற்கும்போது, சின்னப் பிள்ளைகளுக்குச் சிங்களத்திலும் தமிழிலும் விடுகதை போட்டு அழாமல் பார்த்துக்கொள்வதும் அவன்தான்.

அப்படிப்பட்டவன் பதினோராம் வகுப்புக்கு வந்த வருடம் மெல்ல மெல்லப் பின்னால் போனான். முதலில் நடு வரிசை. பிறகு கடைசி சீட்டின் மூலை. காதுக்குள் எதையோ மாட்டிக்கொண்டு கண்ணாடியில் தலையைச் சாய்த்துக் கிடப்பான். தூங்குகிறானா முழித்திருக்கிறானா என்று தெரியாது. 'குட் மோனிங் அங்கிள்' நின்றுபோனது. சாதாரணதரப் பரீட்சை வருகிறது, படிப்புக் கூடிவிட்டது, வயதும் அப்படி என்று பாயிஸ் நினைத்துக்கொண்டார். மீசை அரும்பும் காலத்தில் எல்லாப் பையன்களும் இப்படித்தானே.

ஒருநாள் காலை, இரண்டாம் வகுப்பில் படிக்கும் சிங்களப் பிள்ளை ஒன்று விளையாட்டாக அவனுடைய பையை இழுத்தது. சுதேஷ் எழுந்து அந்தப் பிள்ளையைப் பிடித்துத் தள்ளிவிட்டான். சீட்டுக் கம்பியில் பட்டு உதடு வெடித்து இரத்தம் வந்தது. வேன் முழுக்கச் சத்தம். பாயிஸ் ஓரமாக நிறுத்தி, பிள்ளையின் வாயைத் துடைத்து முன்னால் இருத்திவிட்டு, பின்னால் போனார்.

"என்ன மகன் இது? அந்தச் சின்னப் புள்ளக்கிக் கை நீட்டுறதா?"

சுதேஷ் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒங்களத்தான் கேக்கிறன்."

"எறக்கி விட்டுருங்க அங்கிள்."

"எங்க எறக்க? ஸ்கூல் இன்னம் வரல்லயே."

"எங்கயாவது. எங்கன்னாலும் சரி."

திமிர்ப் பேச்சு என்றுதான் பாயிஸுக்குப் பட்டது. அவர் இதுவரை எந்தப் பிள்ளையையும் பார்த்துச் சொல்லாத வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தார். அன்று பின்னேரம் தாய்மார் வரிசையாக போன் எடுத்தார்கள். அந்தப் பையன் வந்தால் எங்கள் பிள்ளையை அனுப்பமாட்டோம் என்று ஒருத்தி நேராகவே சொன்னாள். எல்லாரையும் சமாதானப்படுத்தி, "இனி நடக்காது, நான் பொறுப்பு" என்று சொல்லி வைப்பதற்குள் அவருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அதே காலத்தில்தான் அவருடைய வீட்டிலும் ஒன்று தொடங்கியிருந்தது.

றிப்தாவுக்குப் பதினைந்து வயது. பெண்கள் பாடசாலையில் படிப்பவள். முதலில் சாப்பாடு குறைந்தது. பிறகு தலை சீவுவது நின்றது. மஃரிப் தொழுகையில் நெற்றி தரையில் பட சுஜூதுக்குப் போனவள் எழும்பாமல் அப்படியே கிடந்து தேம்பியதை உம்மா றமீஸா கண்டாள். "என்ன மகள்? யாரும் ஏதும் செல்லினயா? ஸ்கூல்ல ஏதும் நடந்தயா?" என்று கேட்டால், ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லி இன்னும் கூட அழுவாள். ஒன்றும் நடக்காமல் ஒரு பிள்ளை அழுமா என்பதுதான் றமீஸாவுக்கு விளங்கவில்லை.

ஆனால் அழுகை என்பது வீட்டில் ஒளித்து வைக்கக்கூடிய பொருள் இல்லையே. சாச்சி வந்தாள், மாமி வந்தாள், பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்தார்கள். கண்ணூறு என்றாள் ஒருத்தி. பள்ளிவாசல் லெப்பை தண்ணீர் ஓதிக் கொடுத்தார். ஒருத்தி தலைமாட்டில் உட்கார்ந்து யாஸீன் ஓதினாள், ஒருத்தி கஞ்சி காய்ச்சி ஊட்டினாள். எதிலும் பலன் இல்லை என்று கண்டபோது, ஆசிரியையாக இருக்கும் பாயிஸின் தங்கை பஸ்லினா, "நானா, இது ஒரு வருத்தம். இதுக்கு டொக்டர் ஈக்கிறாங்க. ஒளிச்சு வெக்க ஒன்டும் இல்ல" என்று அடித்துச் சொல்லி, ஆஸ்பத்திரியில் பிள்ளைகளுக்கென்று நடக்கும் மனநலக் கிளினிக்குக்குத் தானே கூட்டிக்கொண்டு போனாள்.

இரண்டாம் தடவை பாயிஸும் போனார். அங்கே இருந்தது ஒரு சிங்கள டொக்டர் அம்மா, நடுவயது. தமிழ் படித்திருந்தார். நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்துப் பேசுவார். றிப்தாவை உள்ளே வைத்து நெடுநேரம் பேசிவிட்டு, பிறகு பாயிஸை அழைத்தார்.

"மகளுக்கு இருக்கிறது மனச்சோர்வு. மருந்தும் இருக்கு, பேச்சும் இருக்கு. பயப்பட வேணாம். நல்ல நேரத்துக்குக் கொண்டுவந்தீங்க."

"பொம்புளப் புள்ளகளுக்குத்தான் இது கூட வாறதா டொக்டர்?" என்று பாயிஸ் கேட்டார். ஏதாவது கேட்க வேண்டும் என்பதற்காகக் கேட்டதுதான்.

டொக்டர் கொஞ்சம் யோசித்தார். "பெண் பிள்ளைகளுக்குக் கூட வரும், அது உண்மை. இந்த வயசுலதான் அந்த வித்தியாசம் தெரியும். ஆனா இன்னொன்டு இருக்கு. பெண் பிள்ளை அழும். அம்மா பார்க்கும், கூட்டிட்டு வரும். ஆண் பிள்ளை அழாது. கோவம் வரும். அடிப்பான், கதவை உடைப்பான், படிக்கமாட்டான். வீட்டுல ஏசுவாங்க, ஸ்கூல்ல வெளிய போடுவாங்க. இங்க கொண்டுவரமாட்டாங்க. தோட்டத்துப் பக்கம் இருந்தும் பிள்ளைகள் வாறது குறைவு. அங்க இந்த வருத்தம் இல்லை என்டு யாரும் நினைக்கக் கூடாது. வாற வழி இல்லை, அவ்வளவுதான்."

வெளியே வந்து வேனைத் திறந்தபோது, பாயிஸின் கண் தானாகக் கடைசி சீட்டுக்குப் போயிற்று. 'எங்கன்னாலும் சரி' என்று அந்தப் பையன் சொன்னது அப்போதுதான் அவர் காதில் முழுதாக விழுந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே பெனிதெனியவுக்குப் போனார். வீரய்யா சாரத்தோடு கதிரையில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி இராஜகுமாரி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். சுதேஷின் அறைக் கதவு சாத்தியிருந்தது. பாயிஸ் தன் மகளின் கதையை முதலில் சொன்னார். அப்படித் தொடங்கினால் குத்தலாக இருக்காது என்று வழி நெடுக யோசித்து வைத்திருந்தார். பிறகு டொக்டர் சொன்னதைச் சொன்னார். பிறகு சுதேஷின் பெயரைச் சொன்னார்.

வீரய்யா பேப்பரை மடித்து மடிமீது வைத்துக்கொண்டார்.

"நானா, ஒங்க மகளுக்குச் சொகமாகட்டும். சாமியக் கும்புட்டுக்கிறேன். ஆனா எங்க பயலுக்கு அந்த மாதிரி ஒண்ணும் இல்ல."

"இல்ல ஐயா, நான் செல்ல வாறது..."

"எனக்குத் தெரியும் என்னா சொல்ல வாறீங்கன்னு. அவனுக்குக் கொழுப்பு. வேறொண்ணுமில்ல. நான் லயத்துல ஒரே காம்பராவுல ஏழு பேரோட படுத்துப் படிச்சவன். குப்பி லாம்புல. காலுக்குச் செருப்பு இல்ல. எனக்கு வராத நோவு, தனி ரூம்பும் போனும் குடுத்து வளக்கிற இவனுக்கு எங்கேருந்து வரும்?"

"வசதி ஈந்தாலும் இது வாற வருத்தம்தானாம் ஐயா."

"வெளிய தெரிஞ்சா என்னாகும்னு யோசிச்சீங்களா? மாநகர சபையில இன்னைக்கும் என்னையத் தோட்டத்தான்னுதான் முதுகுக்குப் பின்னால பேசுறானுக. இப்ப மவன் பைத்தியம்னு வேற பேசணுமா?" அவர் குரல் உயர்ந்து, பிறகு சாத்திய கதவைப் பார்த்துத் தாழ்ந்தது. "தேத்தண்ணியக் குடிங்க நானா. ஆறிடும்."

பாயிஸ் குடித்தார். விடைபெற்றுப் படியிறங்கி வேனடிக்கு வந்தபோது, பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. இராஜகுமாரி, குப்பைக் கூடையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள், அதைக் கொட்ட வந்தவளைப்போல.

"நானா, அந்தக் கிளினிக்கு எந்த நாளு?"

அவர் சொன்னார்.

"அவரு வேலைக்குப் போனதுக்கப்பறம் வரலாமா? எனக்கு அந்தப் பக்கமெல்லாம் போயிப் பழக்கமில்ல. சிங்களமும் கடகண்ணிக்குப் போற அளவுதான்."

"காலைல ஸ்கூல் ட்ரிப் முடிஞ்சோன நானே வந்து ஏத்துறன் தங்கச்சி. யோசிக்க வேணாம்."

சுதேஷ் வரமாட்டேன் என்று அடம்பிடிப்பான் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். அவனோ, வா என்றதும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான். அது இராஜகுமாரிக்கு அடம்பிடிப்பதைவிட அதிகம் பயத்தைக் கொடுத்தது.

அன்று தமிழ் தெரிந்த டொக்டர் அம்மா இல்லை. வேறொரு ஊருக்குப் பயிற்சி வகுப்புக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். இருந்தவர் ஓர் இளம் டொக்டர். வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தாலே அவர் களைத்துப்போயிருப்பது ஏன் என்று தெரியும். பொல்லாத மனுசர் இல்லை. சுதேஷைப் பார்த்துச் சிரித்து, கதிரையை இழுத்துப் போட்டு, சிங்களத்தில் பேசலாமா என்று கேட்டார். சுதேஷ் தலையைக் குனிந்துகொண்டான். மைதானத்தில் சத்தம் போட, கடையில் சாமான் வாங்க, சின்னப் பிள்ளைகளுக்கு விடுகதை சொல்ல அவனிடம் சிங்களம் நிறைய இருந்தது. கேட்டால் எல்லாம் விளங்கும். இதைப் பேசத்தான் அவனிடம் சொல் இல்லை. தமிழில் இருந்ததா என்பதும் யாருக்குத் தெரியும்.

டொக்டர் வெளியே எட்டிப் பார்த்து, யாராவது மொழிபெயர்க்க முடியுமா என்று கேட்டார். பாயிஸ் உள்ளே போனார். தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, கூட்டாளிமார் இருக்கிறார்களா என்று டொக்டர் கேட்கக் கேட்க, பாயிஸ் தமிழில் சொன்னார். சுதேஷ் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னான். அதை அவர் சிங்களத்தில் திருப்பிச் சொன்னார். இராஜகுமாரி ஒவ்வொரு தடவையும் பாயிஸின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், அதிலிருந்து ஏதோ தீர்ப்பு வரப்போவதுபோல.

பிறகு டொக்டர் குரலைத் தாழ்த்தி ஒரு கேள்வி கேட்டார். உயிரோடு இருக்கவே வேண்டாம் என்று எப்போதாவது தோன்றியிருக்கிறதா, அதைக் கேளுங்கள் என்றார்.

பாயிஸ் வாயைத் திறந்தார். ரியாத்திலும் கண்டியிலும் எத்தனையோ பேருக்கு மொழிபெயர்த்துக் கொடுத்த நாக்கு அது. இப்போது புரளவில்லை. பெற்ற தாய் முழங்கை உரச உட்கார்ந்திருக்கிறாள். அவள் முன்னால் அவள் பிள்ளையிடம் அதை எப்படிக் கேட்பது? கேட்டால் இல்லாத நினைப்பையும் தானே கொடுத்ததாகிவிடாதா? ஒரு கணம்தான்.

"மகன்... மனசுக்குச் சரியான கஷ்டமா ஈக்குதான்டு கேக்கிறாரு" என்றார்.

சுதேஷ் அன்றைக்கு முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தான். டொக்டர் சிங்களத்தில் கேட்டது அவனுக்குச் சுத்தமாக விளங்கியிருந்தது. பாயிஸ் அதைத் தாண்டிப் போனதும் விளங்கியிருந்தது. கோபமாகவும் பார்க்கவில்லை. பெரியவர்களுக்கும் இது ஏலாத காரியம்தான் என்று தெரிந்துகொண்டவன்போலப் பார்த்தான்.

"இல்ல" என்றான்.

பாயிஸ் அந்த 'இல்ல'யைச் சிங்களத்தில் சொன்னார். டொக்டர் சில மாத்திரைகள் எழுதி, அடுத்த மாதம் தமிழ் தெரிந்த டொக்டர் இருப்பார், அப்போது அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து பாயிஸ் நடந்ததை றமீஸாவிடம் சொன்னார். "உம்மாக்கு முன்னுக்கு அதை எப்படிக் கேக்கிற?" என்று அவளும் அவர் பக்கமே நின்றாள். அறை வாசலில் றிப்தா நின்றிருந்தாள். மருந்து தொடங்கி அவள் கொஞ்சம் தேறியிருந்த நேரம் அது.

"எனக்கிட்டயும் அந்தக் கேள்வி கேட்டாங்க வாப்பா," என்றாள். "பஸ்லினா மாமிய வெளிய போகச் செல்லிட்டுக் கேட்டாங்க. தமிழ்லயே கேட்டாங்க."

பாயிஸ் மகளைப் பார்த்தார். நீ என்ன பதில் சொன்னாய் என்று கேட்க வேண்டும் என்று இருந்தது. றமீஸாவுக்கும் அதேதான் இருந்தது. இருவரும் கேட்கவில்லை. றிப்தா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த கிளினிக்குக்கு எப்படியும் சுதேஷைத் தனியாக உள்ளே அனுப்ப வேண்டும் என்று பாயிஸ் தீர்மானித்திருந்தார். இராஜகுமாரியிடமும் சொல்லி வைத்தார். ஆனால் அந்த நாள் வரவில்லை. முதல் கிளினிக் அன்று ஆஸ்பத்திரி வாசலில் தாயையும் மகனையும் கண்ட ஒருவர் வீரய்யாவின் காரியாலயத்துக்காரர். "மகனுக்கு என்ன, அந்த வாட்டுப் பக்கம்?" என்று அவர் எல்லாருக்கும் கேட்கும்படி விசாரித்திருக்கிறார்.

வீரய்யா மனைவியை அடிக்கவில்லை. சத்தம் போடவும் இல்லை. சாப்பிடாமல் எழும்பிப் போனார். மறுநாள் பாடசாலையிலிருந்தும் அழைப்பு வந்தது. பையன் மாதிரிப் பரீட்சையில் வெறும் தாளைக் கொடுத்திருக்கிறான் என்றார்கள். அத்தோடு வீரய்யா ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். பரீட்சை வரைக்கும் மடுல்கெல்லயில் தன் அண்ணன் வீட்டில் இருக்கட்டும். போன் வேண்டாம், கிரிக்கெட் வேண்டாம், கூட்டாளி வேண்டாம். கஷ்டம் என்றால் என்ன என்று கண்ணால் பார்த்தால் புத்தி வரும். அவர் அதைத் தண்டனையாக நினைக்கவில்லை. தன்னை ஆளாக்கிய இடம் மகனையும் ஆளாக்கும் என்று மனசார நம்பினார்.

பாயிஸ் அவரைக் காரியாலய வாசலில் போய்க் கண்டார்.

"ஐயா, ஒரு மாசம் பொறுங்க. அந்த டொக்டர் அம்மாவ ஒருக்காக் கண்டுட்டு அனுப்புங்க."

"நானா," என்று வீரய்யா அவர் தோளில் கை வைத்தார். கோபம் இல்லாத கை. "ஒங்க நல்ல மனசு எனக்குத் தெரியும். ஆனா அவன் எம் புள்ள. வேன்ல ஏத்துற வரைக்கும்தான் ஒங்க பொறுப்பு."

அது உண்மைதானே.

அடுத்த வாரத்திலிருந்து பெனிதெனியச் சந்தியில் நிற்க வேண்டியிருக்கவில்லை. கடைசி சீட்டில் வேறு இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். பாயிஸ் சுதேஷின் போனுக்கு எடுத்துப் பார்த்தார். அணைத்திருந்தது. இராஜகுமாரியைக் கேட்டால், "பெரியப்பா வீட்டுல நல்லாத்தான் இருக்கானாம். சத்தமில்லாம இருக்கானாம்" என்பாள். சத்தமில்லாமல் இருப்பது நல்லதுக்கா என்று அவளும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. ஒரு விடுமுறை நாளில் மடுல்கெல்லவுக்கே போய்ப் பார்த்துவிட்டு வரலாமா என்று யோசித்தார். என்ன முறையில் போவது? அந்த வீட்டுக்காரர் யாரென்று கேட்டால், வேன்காரன் என்பதைத் தவிர என்ன சொல்ல இருக்கிறது? போகவில்லை.

அழைப்பு வந்தது ஒரு புதன்கிழமை, நடுப்பகலில். பாயிஸ் பாடசாலை விடும் நேரத்துக்கு வேனை நிழலில் போட்டுக் காத்திருந்தார். போனில் இராஜகுமாரியின் குரலே இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "நானா, புள்ள... ஆஸ்பத்திரியில... தானாவே..." என்றாள். அதற்குமேல் சொல் வரவில்லை. தேவைப்படவும் இல்லை.

உயிர் இருந்தது. பெரியப்பாவின் மகள் வேலை விட்டு நேரத்தோடு வீட்டுக்கு வந்ததால் கண்டிருக்கிறாள். தோட்டத்து லொறியில் போட்டுப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து கண்டிக்கு அனுப்பியிருந்தார்கள்.

பிள்ளைகளை எல்லாம் வீடு சேர்த்துவிட்டுப் பாயிஸ் போனபோது, வாட்டுக்கு வெளியே வாங்குப் பலகையில் வீரய்யா இருந்தார். எப்போதும் தேய்த்து மடிப்புக் கலையாமல் இருக்கும் சட்டை காற்சட்டைக்கு வெளியே தொங்கியது. பாயிஸைக் கண்டதும் எழும்பப் பார்த்து, முடியாமல் உட்கார்ந்தார். பாயிஸ் பக்கத்தில் அமர்ந்தார்.

வீரய்யா கேட்டார். "அன்னைக்கு வந்து சொன்னீங்களே நானா. அந்த நோவுக்கு என்னமோ பேரு சொன்னீங்க."

"மனச்சோர்வு என்டு செல்றாங்க ஐயா."

"சோர்வா?" வீரய்யா அவரைத் திரும்பிப் பார்த்தார். "அம்புட்டுத்தானா? சோர்வுன்னா... நாங்கல்லாம் தெனந்தெனம் சோந்துதானய்யா போறோம். மலையேறி எறங்குனா சோர்வு. வேலை செஞ்சா சோர்வு. இதுக்கு வேற பேரு இல்லியா? கொஞ்சம் பயப்படுற மாதிரி ஒரு பேரு வச்சிருந்தாங்கன்னா நான்..." அவர் முடிக்கவில்லை. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

பார்வையாளர் நேரத்தில் பாயிஸ் உள்ளே போனார். வரும்போது றிப்தா சொல்லி அனுப்பியிருந்தாள். "அவனுக்கிட்ட ஒன்டும் கேக்காதீங்க வாப்பா. புத்தி செல்லவும் வேணாம். பக்கத்துல இருந்துட்டு வாங்க." அப்படியே செய்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தார். சுதேஷ் மெலிந்து, கழுத்தெலும்பு துருத்தத் தெரிந்தான். ஒருதரம் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தான். ஆளைத் தெரிந்துகொண்டான் என்பது தெரிந்தது. பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அன்று கேட்காமல் விட்ட கேள்வியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லலாமா என்று பாயிஸுக்கு நெஞ்சுவரைக்கும் வந்தது. இப்போது அதைச் சொல்லி யாருக்கு என்ன ஆகப்போகிறது? நேரம் முடிந்ததென்று தாதி வந்து சொல்லும்வரை இருந்துவிட்டு எழும்பினார்.

இது நடந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. சுதேஷ் பெனிதெனிய வீட்டில் இருக்கிறான். பரீட்சை எழுதவில்லை. தமிழ் தெரிந்த டொக்டர் அம்மாவிடம்தான் காட்டுகிறார்கள். வீரய்யா இப்போது லீவு போட்டுவிட்டுத் தானே கூடப் போகிறார். யார் கண்டாலும் கண்டுவிட்டுப் போகட்டும் என்கிறார். அந்த டொக்டருக்கு இடமாற்றம் வரப்போவதாக ஒரு பேச்சு அடிபடுகிறது. அடுத்து வருபவருக்குத் தமிழ் தெரியுமா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. றிப்தா பரீட்சை எழுதித் தேறி, உயர்தரம் படிக்கிறாள். சில நாட்களில் சிரிக்கிறாள். சில நாட்களில் அறைக் கதவு சாத்தியிருக்கும். அப்போது றமீஸா கதவடியில் காதை வைத்துக்கொண்டு நிற்பாள்.

கிளினிக் நாட்களில் காலைப் பயணம் முடிந்ததும் பாயிஸ்தான் அவர்களை ஏற்றிப்போகிறார். போன மாதமும் பெனிதெனியவுக்குப் போனார். வீரய்யா முன் சீட்டில் ஏறிவிட்டார். இராஜகுமாரி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுதேஷ் சவரம் செய்து, தேய்த்த சட்டை போட்டு, வாசலுக்கு வந்தான். படியில் பாதி இறங்கினான். அப்படியே நின்றான். எதைக் கண்டோ பயந்தவன்போலவும் இல்லை. நடக்கிறது எப்படி என்பதையே மறந்துவிட்டவன்போல நின்றான்.

"வா சாமி," என்றாள் இராஜகுமாரி. "மெதுவா வா. நேரம் இருக்கு."

அவன் தலையை ஆட்டினான். வருகிறேன் என்றா, முடியாது என்றா என்று தெரியவில்லை. பிறகு திரும்பி ஏறி உள்ளே போனான். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பெரிதாக அடித்துச் சாத்தவில்லை.

வீரய்யா இறங்கிப் போய்க் கதவடியில் நின்று ஏதோ சொல்லிப் பார்த்தார். அதட்டவில்லை. கெஞ்சினார். பாயிஸ் எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். வெயில் ஏறியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் வந்துவிடுவான், இன்னும் கொஞ்ச நேரம் என்று மூவரும் காத்திருந்தார்கள். கிளினிக்கில் பெயர் எழுதும் நேரம் தாண்டிப்போயிற்று. அதற்குப் பிறகும் காத்திருந்தார்கள்.

கடைசியில் வீரய்யாதான் வேனடிக்கு வந்தார். "நீங்க போங்க நானா. ஸ்கூல் விடுற நேரமாச்சு. புள்ளைக நிக்கும்."

பாயிஸுக்குப் போக மனமில்லை. இருந்தால் என்ன செய்வது என்றும் தெரியவில்லை. "நாளைக்கு வந்து பாக்கிறன் ஐயா" என்றார். வேனைத் திருப்பி, சந்தியில் பஸ்ஸுக்கு வழிவிட்டு, கண்டி வீதியில் ஏற்றினார்.